பக்கத்தில் நின்றவனின் பெயர்

ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல் பக்கம் பழைய வீடுகளில் பொங்கலுக்குப் பரணை ஒழித்தால், பல வீடுகளில் ஒரு டிரங்குப் பெட்டி கீழே இறங்கும். கறுப்பு பெயின்ட் அடித்த தகரப் பெட்டி. மூடியின்மேல் வெள்ளை எழுத்தில் ஓர் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட். திறந்தால் பாச்சை உருண்டை வாசம். கம்பளிச் சட்டை, பென்ஷன் தாள்கள், நிறம் வெளுத்த பதக்க ரிப்பன்கள், எல்லாவற்றுக்கும் அடியில் கெட்டி அட்டையில் ஒட்டிய குரூப் போட்டோ. முன்வரிசை நாற்காலிகளில் அதிகாரிகள். பின்னால் படிப்படியாக ஏறி நிற்கும் ஜவான்கள். பட்டாளத்துத் தாத்தா அந்தப் படத்தைப் பேரனிடம் காட்டும்போது விரல் நாற்காலி வரிசையில் அதிக நேரம் நிற்காது, பின்வரிசைக்குத் தாவிவிடும். இவன் எனக்குப் பக்கத்துக் கட்டில், இவன் கடிதம் எழுதத் தெரியாமல் என்னிடம் எழுதி வாங்கிக்கொள்வான் என்று ஒவ்வொரு முகமாக நகர்ந்து வரும் விரல், சில முகங்களில் மட்டும் பேச்சில்லாமல் கொஞ்சம் நிற்கும்.

2024 தீபாவளியன்று, அக்டோபர் 31-ஆம் தேதி, ‘அமரன்’ வெளியானது. அந்தப் படத்துக்கு இந்த வட்டாரத்தில் இன்னொரு வகைப் பார்வையாளர்களும் உண்டு. பட்டாளம் என்றால் இங்கே தூரத்துச் செய்தி கிடையாது. ‘டேங்க் ஃபேக்டரி’ என்று ஊர் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை, படையினருக்குச் சீருடை தைக்கும் ஓ.சி.எஃப்., டாங்கிகளை வடிவமைக்கும் ஆராய்ச்சி மையம், சி.ஆர்.பி.எஃப். பயிற்சி வளாகம், விமானப்படை நிலையம் எல்லாம் ஆவடியைச் சுற்றியே இருக்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டை வாசல்களில் காவலுக்கு நிற்பவர்களிலும் முன்னாள் ராணுவத்தினர் உண்டு. இவர்கள் ஒரு போர்ப் படத்தைப் பார்க்கும் கண்ணே தனி. நாயகன் துப்பாக்கியைத் தூக்கும் காட்சியில் தியேட்டர் விசிலடிக்கும்போது, அவனுக்கு இடப்பக்கம் வருபவன் யார், அவன் என்ன ஆனான் என்று இந்தக் கண் தேடும்.

ராஜ்குமார் பெரியசாமி இயக்கி, கமல்ஹாசனின் ராஜ்கமல் நிறுவனமும் சோனி பிக்சர்ஸும் தயாரித்த ‘அமரன்’, ஷிவ் அரூரும் ராகுல் சிங்கும் எழுதிய ஆங்கில நூல் ஒன்றின் அத்தியாயத்திலிருந்து பிறந்தது. மேஜர் முகுந்த் வரதராஜனாக சிவகார்த்திகேயன், அவர் மனைவி இந்து ரெபேக்கா வர்கீஸாக சாய் பல்லவி. உலக அளவில் 300 கோடி ரூபாய்க்கு மேல் வசூல் என்றார்கள். சிவகார்த்திகேயனின் திரை வாழ்க்கையையே இந்தப் படம் மாற்றிப்போட்டது. ஆனால் வசூல் கணக்கைவிடப் பெரிய காரியம் ஒன்றை அது செய்திருக்கிறது. பத்தாண்டுகளுக்கு முன் இரண்டு மூன்று நாள் தலைப்புச் செய்தியாக இருந்து மங்கிப்போன ஒரு பெயரை, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடச் சொல்லும்படி செய்துவிட்டது.

முகுந்த், 1983-இல் பிறந்தவர். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பி.காம்., தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் இதழியல், பிறகு பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமி. 2006 மார்ச்சில் ராஜ்புத் ரெஜிமென்டில் லெப்டினன்ட். லெபனானில் ஐ.நா. அமைதிப்படைப் பணி முடித்து, 2012 இறுதியில் காஷ்மீரில் 44-ஆவது ராஷ்ட்ரிய ரைபிள்ஸுக்கு வந்தார். 2014 ஏப்ரல் 24, நாடாளுமன்றத் தேர்தல் நேரம். ஷோபியான் பகுதியில் தேர்தல் ஊழியர்கள் சென்ற வாகனம் தாக்கப்பட்டு உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மறுநாள் மாலை, அதே மாவட்டத்தின் காஸிபத்ரி கிராமத்தில் ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் தீவிரவாதிகள் பதுங்கியிருக்கும் தகவல் வந்தது. முகுந்தின் அணி வீட்டைச் சூழ்ந்தது. மூன்று தீவிரவாதிகள் கொல்லப்பட்டார்கள். துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்து வெளியே நடந்து வந்த முகுந்த், வந்த இடத்திலேயே சரிந்தார். குண்டுகள் பாய்ந்திருந்தது அப்போதுதான் உடனிருந்தவர்களுக்குத் தெரிந்தது. வயது 31.

பெசன்ட் நகரில் ராணுவ மரியாதையோடு தகனம் நடந்த அந்த நாட்களில், தொலைக்காட்சி கேமராக்களின் முன் இந்து அழவில்லை. நாடு பார்க்கவேண்டியது தன் துக்கத்தை இல்லை, முகுந்த் எப்படிப்பட்ட மனிதர் என்பதைத்தான் என்ற பொருளில் பேசினார். 2015 குடியரசு தினத்தில் அமெரிக்க அதிபர் ஒபாமா சிறப்பு விருந்தினராக வீற்றிருக்க, குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கையால் அசோக் சக்ராவை இந்து வாங்கிய காட்சி பலருக்கு நினைவிருக்கும். படமும் இந்துவின் கண் வழியாகத்தான் நகர்கிறது. போர்ப் படமாக வெளியான ஒன்றில் தொலைபேசிக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணின் முகம் இவ்வளவு நேரம் திரையை நிறைப்பது தமிழுக்குப் புதிது. படத்தின் பலமும் அதுவே.

அதே மேடையில் அன்று இன்னொரு அசோக் சக்ராவும் வழங்கப்பட்டது. நாயக் நீரஜ் குமார் சிங். 2014 ஆகஸ்டில் குப்வாராவில், குண்டடி பட்டுக் கிடந்த சக வீரரை மீட்க ஊர்ந்து போனவர். அவர் மனைவியும் அதே செங்கம்பளத்தில் நடந்து வந்துதான் விருதை வாங்கினார். தமிழ்நாட்டில் நீரஜின் பெயர் தெரிந்தவர்கள் அரிது.

காஸிபத்ரிக்கே திரும்பிப் போனால், அங்கே இறந்த ராணுவத்தினர் இருவர். இன்னொருவர் சிப்பாய் விக்ரம் சிங். ராணுவத்தில் இரண்டிரண்டு பேராகத்தான் வீட்டுக்குள் நுழைவார்கள், ‘பட்டி’ (buddy) என்பார்கள். ஒருவன் முன்னேறும்போது மற்றவன் சுடத் தயாராக நிற்பான். ஒருவனுடைய தண்ணீர்ப் புட்டி காலியானால் மற்றவனுடையது பாதியாகும். மேஜரும் சிப்பாயும் ஜோடியாகிவிட்டால் அந்த நேரத்துக்குப் பதவி வித்தியாசம் சுவருக்கு வெளியே நின்றுவிடுகிறது. முகுந்துக்கு அன்று அப்படிப் பக்கத்தில் நின்றவர் விக்ரம். படத்தில் அவராக வரும் புவன் அரோரா வடக்கத்தி முகம், அதிகம் பேசாத பாத்திரம், ஆனால் மனதில் தங்குகிறார். மேஜருக்கு அவர் தம்பிபோல, காவல்போல. அந்த உறவு வளரும் காட்சிகளுக்கு இயக்குநர் நேரம் கொடுத்திருக்கிறார். பாரதியின் ‘அச்சமில்லை’யை வட இந்தியச் சிப்பாய்கள் தங்கள் உச்சரிப்பில் முகுந்தோடு சேர்ந்து முழங்கும் இடத்தில் தமிழ் ரசிகன் பெருமையில் கை தட்டினான். தட்டட்டும். ஆனால் அந்தக் காட்சியின் கனம் வேறு இடத்தில் இருக்கிறது. மொழி தெரியாத ஒருவனின் பாட்டைப் பாடிக்கொண்டு அவன் பின்னால் போகத் தயாராக இருப்பதுதான் விசுவாசம்.

நம் சினிமா இந்த இடத்துக்கு வர நெடுநாள் ஆயிற்று. 1962 சீனப் போர் முடிந்த மறு வருடமே, கண்ணதாசன் தயாரிப்பில் சிவாஜி மேஜராக நடித்த ‘இரத்தத் திலகம்’ வந்தது. அதற்குப் பிறகு தமிழ்த்திரையில் ராணுவ வீரன் என்றால் பெரும்பாலும் லீவில் வந்தவன்தான். எல்லையில் என்ன செய்தான் என்பது ஒரு வசனத்தில் முடிந்துவிடும். ஊருக்கு வந்து ரவுடிகளை அடிப்பான், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைப்பான். ‘துப்பாக்கி’யில் நாயகனோடு சக வீரர்களும் களமிறங்குகிறார்கள், காட்சி விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் வெளியே வரும்போது அவர்களில் ஒருவர் பெயர்கூட நம்மோடு வருவதில்லை. வேலை செய்யும் இடத்தில் பட்டாளத்துக்காரன் எப்படி இருப்பான், யாரோடு சாப்பிடுவான், யார் செத்தால் உடைந்துபோவான் என்ற கேள்விகளை நாம் கேட்கவே இல்லை.

‘அமர’னிலும் குறை உண்டு. காஷ்மீர் மக்களைப் பெரும்பாலும் ராணுவ வண்டியின் ஜன்னல் வழியாகவே படம் பார்க்கிறது என்ற விமர்சனம் எழுந்தது. சில அமைப்புகள் போராடின. 2024 நவம்பரில் நெல்லை மேலப்பாளையத்தில் படம் ஓடிய தியேட்டர்மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. குண்டு வீசியவர்களுக்கு எந்த நியாயமும் கிடையாது. விமர்சனத்துக்கு நியாயம் உண்டு. தேர்தல் பணிக்குப் போய் அடிபட்ட ஊழியர்களும் அந்த மண்ணின் மனிதர்கள்தான். அவர்கள் வீட்டுக் கதவையும் படம் ஒருமுறை தட்டியிருக்கலாம்.

யாருடைய பெயர் எங்கே தங்குகிறது என்பதைத் திருச்சியில் நின்று பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். மேஜர் சரவணன், திருச்சிக்காரர், பீகார் ரெஜிமென்டின் முதல் பட்டாலியன். 1999 கார்கில் போரில், மே 29 அதிகாலை, பட்டாலிக் பகுதியில் உச்சியைப் பிடிக்கப் போன அணிக்குத் தலைமை தாங்கி இறந்தார். எதிரியின் குண்டுமழைக்கு நேர் கீழே கிடந்ததால் உடலை உடனே எடுக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கும் மேல் பனியில் கிடந்தது. அவருடைய பட்டாலியன் விடவில்லை. மறுபடி மறுபடி ஏறி, உச்சியைப் பிடித்து, உடலைக் கீழே கொண்டுவந்தது. இறந்துபோன ஒருவருக்காக உயிரோடு இருப்பவர்கள் மலையேறும் இந்தக் கணக்கு வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. பட்டாளத்தில் யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை. விட்டுவிட்டு வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் முதல் ஆள் முன்னே போவான். அன்று சரவணனோடு போய் இறந்தவர் நாயக் கணேஷ் பிரசாத் யாதவ். இருவருக்கும் வீர் சக்ரா. திருச்சியில் சரவணனுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது, யாதவின் பெயர் பீகாரில் வாழ்கிறது. ஒரே பாறையில் விழுந்த இருவரை இரண்டு ஊர்கள் பங்கிட்டுக்கொண்டன.

டேங்க் ஃபேக்டரிக்கு வருவோம். 1961-இல் தொடங்கிய தொழிற்சாலை. 1965 டிசம்பரில் இங்கிருந்து முதல் விஜயந்தா உருண்டு வெளியே வந்தது. ஏறத்தாழ 2,200 விஜயந்தாக்கள் கட்டப்பட்டன. அதன் பிறகு டி-72 அஜேயா, டி-90 பீஷ்மா, அர்ஜுன். விஜயந்தா ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிவிட்டது. நாட்டின் எத்தனையோ ஊர்களில் பூங்கா ஓரத்திலும் கன்டோன்மென்ட் வாசலிலும் நினைவுச் சின்னமாக நிற்கிறது, பிள்ளைகள் பீரங்கிக் குழாயைப் பிடித்துத் தொங்குகிறார்கள். ஆவடி ஆட்கள் கட்டிய வண்டி, இறந்தவர்களுக்கு நடுகல்லாக நிற்கிறது.

விஜயந்தாவுக்குள் நான்கு பேர். கமாண்டர், குறிபார்த்துச் சுடுபவர், குண்டு ஏற்றுபவர், ஓட்டுநர். டி-72-இல் குண்டேற்றும் வேலையை இயந்திரமே செய்வதால் மூன்று பேர். அர்ஜுனில் மறுபடி நான்கு. உள்ளே நிமிர்ந்து நிற்க இடமில்லை. ஒருவர் முழங்கால் இன்னொருவர் தோளில் இடிக்கும். ராஜஸ்தான் வெயிலில் இரும்பு கொதிக்கும். ஒருவர் செய்யும் தவறுக்கு நான்கு பேரும் எரிய வேண்டும். 1971-இல் பசந்தர் நதிப் போரில், டாங்கி தீப்பிடித்த பிறகும் பீரங்கி வேலை செய்கிறது என்று சொல்லி இறங்க மறுத்த 21 வயது அருண் கேத்ரபாலைப் பாடப்புத்தகம் வரை தெரியும். அதே தீயில் அவரோடு இருந்தவர்களின் பெயரைக் கேட்டால் நாடே யோசிக்கும்.

சி.ஆர்.பி.எஃப். வளாகத்துக்கு வேறொரு வருத்தம். அக்டோபர் 21 நாடெங்கும் காவலர் வீரவணக்க நாள். 1959-இல் அதே தேதியில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் சீனப் படையால் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள் பத்துப் பேர் கொல்லப்பட்டார்கள். இன்றும் ஒவ்வொரு ஆண்டும் பல மாநிலக் காவலர்கள் ஒரு குழுவாக அந்த உயரத்துக்கு ஏறிப்போய் மலர்வளையம் வைத்துவிட்டு வருகிறார்கள். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவில் இறந்த 40 சி.ஆர்.பி.எஃப். வீரர்களில் தூத்துக்குடி மாவட்டத்துக்காரர் ஒருவர், அரியலூர் மாவட்டத்துக்காரர் ஒருவர். செய்திகளிலும் மேடைகளிலும் எல்லோரையும் ‘ராணுவ வீரர்’ என்றே சொன்னோம். அவர்கள் பெயர்கள் டெல்லியின் தேசியப் போர் நினைவகத்தில் இருக்காது. தேசியக் காவலர் நினைவகத்தில்தான் தேட வேண்டும். எந்த உடுப்பில் செத்தான் என்பதைக்கூடச் சரியாகச் சொல்லாமல் ஒருவனுக்கு எப்படி அஞ்சலி செலுத்துவது?

பெயர்களை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் ஒன்று நம் சாலையிலேயே இருக்கிறது. பரங்கிமலையிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் மவுன்ட்-பூந்தமல்லி சாலை. பட்டாளத்துச் சாலை என்றே சொல்லலாம். இந்தக் கோடியில் பரங்கிமலை கன்டோன்மென்ட், அந்தக் கோடியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கி நோய் தேறிய பழைய பூந்தமல்லி கன்டோன்மென்ட். வழியில் நந்தம்பாக்கத்தில், மெட்ரோ தூண்களுக்கும் ஹாரன் சத்தத்துக்கும் பக்கத்தில், மதராஸ் போர்க் கல்லறை. 1952-இல் அமைத்தது. தென்னிந்தியா, கிழக்கிந்தியாவில் பல இடுகாடுகளில் சிதறிக் கிடந்த இரண்டாம் உலகப் போர் கால உடல்களை எடுத்து வந்து ஒரே இடத்தில் அடக்கினார்கள். 800-க்கும் மேற்பட்ட கல்லறைகள். முதல் உலகப் போரில் இறந்த 1,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு நினைவுச் சின்னமும் உண்டு.

உள்ளே போனவர்கள் முதலில் கவனிப்பது புல்லின் ஒழுங்கை. இரண்டாவதாகத்தான் கற்களைப் பார்ப்பார்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே அகலம். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேச்சே கிடையாது. மேலே படைப்பிரிவின் சின்னம், கீழே எண், பதவி, பெயர், தேதி, வயது. காலனிய ஆட்சி உயிரோடு இருந்தவர்களை நிறத்தாலும் பதவியாலும் பிரித்தே வைத்திருந்தது. அதன் கல்லறைக் குழுமம் கல்லின் அளவில் அந்தப் பிரிவினையை விட்டது. குரூப் போட்டோவில் நாற்காலி இருந்தது, இங்கே இல்லை. டெல்லியில் 2019-இல் திறந்த தேசியப் போர் நினைவகமும் இதே முறையைத்தான் எடுத்துக்கொண்டது. 25,000-க்கும் மேற்பட்ட பெயர்கள், ஆளுக்கு ஒரு கிரானைட் கல். முகுந்துக்கும் ஒன்று, விக்ரம் சிங்குக்கும் ஒன்று.

டெல்லி நினைவகத்தின் அந்தக் கற்களில், தமிழ்நாடு கண்ணைத் திருப்பிக்கொள்ளும் ஒரு பகுதியும் உண்டு. இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படை. 1987 முதல் 1990 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள். ஈழத்தமிழர்கள் அந்தப் படையால் பட்ட துயரம் தமிழ்நாட்டின் நெஞ்சில் ஆறாத காயம். அது பொய்யில்லை, மறக்கவும் கூடாது. 1990 மார்ச்சில் கடைசி அணி சென்னைத் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அந்த முடிவை அன்று மெச்சியவர்களும் உண்டு, கசந்தவர்களும் உண்டு. அந்தப் போரின் நிழல் விழுந்த ‘மெட்ராஸ் கஃபே’ என்ற இந்திப் படம் 2013-இல் எதிர்ப்பினால் தமிழ்நாட்டுத் தியேட்டர்களுக்கு வரவே இல்லை. அந்தப் போரின் பின்விளைவான ராஜீவ் காந்தி கொலை வழக்கின் விசாரணை நடந்தது நம் பூந்தமல்லி தனி நீதிமன்றத்தில்தான். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு என்ற தீர்ப்பு அங்கிருந்துதான் வந்தது. வழக்கும் தீர்ப்பும் மேல்முறையீடும் விடுதலையும் வீட்டுக்கு வீடு பேசப்பட்டன. அந்தப் படையில் போய் இறந்த சிப்பாயைப் பற்றி யாரும் பேசவில்லை. அவனை அனுப்பியது அவன் எடுத்த முடிவில்லை. பக்கத்தில் நின்றவனை விட்டுவிடாமல் இருந்தது மட்டும்தான் அவன் எடுத்த முடிவு. இதைச் சொல்வதால் யாழ்ப்பாணத்தில் செத்த ஒரு குழந்தையின் துயரமும் குறைந்துவிடாது. கொழும்புக்கு அருகே இலங்கை அரசே அவர்களுக்கு நினைவுச் சின்னம் கட்டிப் பெயர்களைப் பொறித்திருக்கிறது. நம்மிடம் அவர்களைப் பற்றி ஒரு நல்ல தமிழ்ப் படம் இல்லை. இரண்டு பக்கத்து வலியையும் தாங்கும் ஒரு கதையை எழுதும் தெம்பு நம் எழுத்தாளர்களுக்கு உண்டு என்றே நினைக்கத் தோன்றுகிறது.

மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அந்தக் கதைக்குள் நிற்பவர். பம்பாயில் பிறந்த தமிழர். 1972-இல் சென்னை பயிற்சி நிலையத்திலிருந்து வெளியேறி மகர் ரெஜிமென்டில் சேர்ந்தார். 1987 நவம்பர் 25 இரவு, யாழ்ப்பாணம் கந்தரோடை அருகே தேடுதல் முடித்துத் திரும்பும்போது அவருடைய அணி பதுங்கித் தாக்குதலில் சிக்கியது. தாக்கியவர்களைப் பின்பக்கமாகச் சுற்றி வளைத்தார். நெஞ்சில் குண்டு பாய்ந்த பிறகும் கட்டளைகள் கொடுத்துக்கொண்டே இருந்தார் என்கிறது ராணுவக் குறிப்பு. பரம்வீர் சக்ரா. தமிழ்ப் பெயர் கொண்ட ஒருவர் தமிழ் மண்ணில், தமிழ் பேசுபவர்களோடு போரிட்டு இறந்தார். சாலிகிராமம் ஆற்காடு சாலையில் ராணுவக் குடும்பங்கள் வாழும் குடியிருப்புக்கு ‘பரமேஸ்வரன் விகார்’ என்று பெயர். ஷேர் ஆட்டோக்காரர்கள் நாளெல்லாம் அந்தப் பெயரைக் கூவி ஆள் ஏற்றுகிறார்கள்.

பரங்கிமலை அகாடமியின் அணிவகுப்புத் திடலும் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை, பயிற்சி முடித்த இளைஞர்களும் பெண்களும் அங்கே கடைசி அணிவகுப்பு நடக்கிறார்கள். பெற்றோர்கள் தகரக் கூரைக்கடியில் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி தங்கள் பிள்ளை எது என்று வரிசைக்குள் தேடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே நடை, தொப்பி பாதி முகத்தை மறைக்கிறது, கண்டுபிடிப்பது கடினம். 2006 மார்ச் மாதத்தில் அப்படி நடந்து வெளியேறிய வரிசை ஒன்றில் முகுந்த் இருந்தார். அவருக்கு வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர்.